கூலியை மறைக்கும் பட்டறைகள்

பின்சக்கரத்துப் பிரேக் ஷூ தேய்ந்துபோன பைக்கைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டால், வேலை முடிந்ததும் கையில் ஒரு துண்டுச் சீட்டு வரும். பெரும்பாலும் அது ஸ்பேர்ஸ் கடை பில்லின் பின்பக்கமாக இருக்கும். ஷூவுக்கு ஒரு தொகை, அதன் கீழே ‘லேபர்’ என்று இன்னொரு தொகை. முதல் தொகையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. டப்பாவின் மேல் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது. பேரமெல்லாம் இரண்டாவது வரியில்தான். ரெண்டு நட்டைக் கழற்றி மாட்டினதுக்கு இவ்வளவா என்பார் வண்டிக்காரர். சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள் படிந்த கரித்தூளைத் துடைத்து, காய்ந்துபோன கேமுக்குக் கிரீஸ் வைத்து, புது ஷூவை மாட்டி, செயின் தொய்வைச் சரிபார்த்து, பெடல் எவ்வளவு இறங்கினால் பிரேக் பிடிக்க வேண்டுமோ அந்த அளவுக்கு ராடைத் திருகி வைத்த நேரம் அவர் கண்ணில் பட்டிருக்காது. மெக்கானிக்கும் வாதாடாமல் ஐம்பது ரூபாயைக் குறைத்துவிடுவார். அந்த ஐம்பது ரூபாய் வேறு எந்த வழியில் அவரிடம் திரும்பி வருகிறது என்று தேடிப் போனால், ஒரு சிறிய சேவைத் தொழில் எதை வைத்துப் போட்டியிட வேண்டும் என்ற கேள்விக்கும் விடை தட்டுப்படுகிறது.

இந்தியா உலகின் மிகப் பெரிய இருசக்கர வாகனச் சந்தை. 2024-25 நிதியாண்டில் மட்டும் உள்நாட்டில் ஏறக்குறைய 1.96 கோடி வண்டிகள் விற்றன. இலவச சர்வீஸ் கூப்பன்கள் தீரும்வரை, வாரன்டி இருக்கும்வரை, இவை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகும். அதன் பிறகு பெரும்பகுதி தெருவுக்கு வந்து சேரும். தெருவில் ஒரு மெக்கானிக் ஷாப் தொடங்கப் பெரிய முதல் தேவையில்லை. ஸ்பேனர் செட், காற்றடிக்கும் கம்ப்ரெசர், தகரக் கூரை போட்ட பத்தடி இடம், பழகிய கை இருந்தால் போதும். எனவே ஒரே சாலையில் மூன்று, நான்கு கடைகள் முளைத்துவிடுகின்றன. இவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் இரண்டு: விலையைக் குறை, அல்லது தரத்தைக் கூட்டு. மைக்கேல் போர்ட்டர் 1980-இல் எழுதிய போட்டி உத்தி நூலிலிருந்து வடிகட்டி இறங்கிய யோசனைகள்தான் இவை. குறைந்த செலவு, தனித்தன்மை, குறிப்பிட்ட ஒரு பிரிவில் மட்டும் கவனம் என்று மூன்று வழிகளை அவர் சொன்னார். தெரு மெக்கானிக்குக்கு முதல் வழியில் பலனில்லை, ஏனென்றால் அவருடைய குறைந்த செலவு பக்கத்துக் கடைக்காரருக்கும் உண்டு. இரண்டாவது வழியில் இருக்கும் சிக்கல் இன்னும் ஆழமானது. வாங்குபவரால் பார்க்கவே முடியாத தரத்தைக் கூட்டி என்ன பயன்?

தரம் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி என்பதைப் பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டார்கள். 1970-இல் பிலிப் நெல்சன் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்தார்: வாங்குமுன்பே சோதித்துப் பார்க்கக் கூடியவை, வாங்கிப் பயன்படுத்தினால்தான் தெரிபவை. 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத, சொன்னவரை நம்பியே ஏற்க வேண்டிய சேவைகள். பழுதுபார்ப்பு அதில் முதன்மையானது. கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகு வண்டி நன்றாக ஓடுகிறது என்பதால், மாற்ற வேண்டிய அவசியம் இருந்தது என்று ஆகிவிடாது. கேபிளைச் சரிசெய்திருந்தாலே ஓடியிருக்கலாம். பழுது என்ன என்று சொல்பவரும் அவரே, அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் அவரே. மருந்துக் கடையும் தானே நடத்தும் டாக்டரிடம் போய் எனக்கு மாத்திரை தேவையா என்று கேட்பதைப் போன்றது இது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு வழியில்லை.

இந்த வகைச் சேவைகளைப் பற்றிய ஆய்வுகளை 2006-இல் உவே டுல்லெக்கும் ருடோல்ஃப் கெர்ஷ்பாமரும் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அவர்கள் நிறுவிய முடிவுகளில் ஒன்று மெக்கானிக் தொழிலுக்கு நேராகப் பொருந்துகிறது. சிறிய வேலையானாலும் பெரிய வேலையானாலும் செய்பவருக்குக் கிடைக்கும் லாபம் ஒரே அளவில் இருந்தால், பொய் சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. ஏதோ ஒரு வேலையில் மட்டும் லாபம் கூடுதலாக இருந்தால், எல்லாப் பழுதும் அந்த வேலையை நோக்கிச் சாயும். விலை எவ்வளவு என்பதைவிட, லாபம் விலையின் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்பதே நேர்மையைத் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வருவது இதிலிருந்து ஓரடி மேலே போகிறது: சிறிய பட்டறையின் போட்டி உத்தியும் அங்கேதான் இருக்கிறது. கூலியைக் குறைத்து ஆள் பிடிக்கும் பட்டறை தன் லாபத்தைச் சாமானுக்குள் மறைக்கிறது. மறைத்த லாபம் சந்தேகத்தை வளர்க்கிறது, சந்தேகப்படும் வாடிக்கையாளர் அடுத்த முறை இன்னும் கடுமையாகக் கூலியில் பேரம் பேசுகிறார். அந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதற்கு ஒரே வழி, கூலியை உரிய அளவுக்கு உயர்த்தி வெளியே வைப்பதும் சாமான் லாபத்தை விட்டுவிடுவதும்தான்.

மெக்கானிக்குகள் வறுமையால் ஏமாற்றுகிறார்கள், பெரிய நிறுவனம் என்றால் இப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் 1992-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். சியர்ஸ் அப்போது அந்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்று, தலைமுறைகளாக நம்பிக்கையைச் சேர்த்து வைத்த பெயர். அதன் வாகனப் பழுதுபார்ப்பு மையங்களுக்குக் கலிஃபோர்னியா அரசு அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர்களைப் போலக் கார்களை அனுப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலான தடவைகளில் தேவையற்ற வேலைகள் செய்யப்பட்டிருந்தன. விசாரித்தபோது தெரிந்த காரணம் எளியது. வாடிக்கையாளரிடம் வேலையைப் பரிந்துரைக்கும் சர்வீஸ் ஆலோசகர்களுக்குக் கமிஷனும், இத்தனை பிரேக் வேலை, இத்தனை அலைன்மென்ட் என்ற இலக்கும் வைத்திருந்தார்கள். புகார் வெடித்ததும் நிறுவனம் முதலில் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று அந்த ஆலோசகர்களின் ஊக்கத்தொகையை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. சம்பளத்தைக் கட்டிய விதம் அவர்கள் நாக்கைத் திருப்பியது. நம் ஊர் கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் ஃபோம் வாஷ், டெஃப்லான் கோட்டிங், டீகார்பனைசிங் என்று ஜாப் கார்டில் வரிகள் ஏறுவதைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தெருப் பட்டறையில் இலக்கு கிடையாது, மேலாளர் கிடையாது. ஆனாலும் அதே சாய்வு வேறு வழியில் வந்து சேர்கிறது. ஸ்பேர்ஸ் கடை மெக்கானிக்குக்கு எம்.ஆர்.பி.யிலிருந்து கழிவு கொடுக்கும். வண்டிக்காரரையே நேரடியாகக் கடைக்கு அனுப்பினாலும் கமிஷன் மெக்கானிக்கின் கணக்கில் ஏறும். சில ஆயில், ஸ்பேர்ஸ் கம்பெனிகள் மெக்கானிக்குகளுக்கென்றே பாயிண்ட் திட்டங்கள் நடத்துகின்றன. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால்தான் சட்டப்படி குற்றம், அதற்குள் எவ்வளவு லாபம் என்பது யாருக்கும் தெரியாது. அச்சடித்த விலை ஒரு மறைப்பாக நின்றுகொள்கிறது. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஐடிலிங்கில் நிற்காமல் அணைந்துபோகும் ஒரு பழைய பைக். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் அடைத்த தூசியைக் காற்றடித்து எடுத்து, மிதவையின் மட்டம் பார்த்து, காற்றுத் திருகைத் திருப்பித் திருப்பிச் சத்தம் கேட்டு நிறுத்த ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம், கூலி 150 ரூபாய். புது கார்புரேட்டரைப் போட்டுவிட அரை மணி நேரம், கூலி 100, சாமானில் நிற்பது 300. காது பழகிய மெக்கானிக்குக்கு முதல் வேலையில் 150 ரூபாய், காது பழகாதவருக்கு இரண்டாவது வேலையில் பாதி நேரத்தில் 400 ரூபாய். திறமைக்குத் தண்டனை, திறமையின்மைக்குப் பரிசு. வண்டிக்காரருக்கோ 150 ரூபாய் கூலி அதிகமாகவும் 100 ரூபாய் கூலி நியாயமாகவும் தெரியும். விலைப் போட்டி இந்தத் தெருவில் தேர்ந்தெடுப்பது எந்த மெக்கானிக்கை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ஊருக்குள் கடை வைத்திருப்பவர் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார், வாய்மொழியே அவரை ஒழுங்கில் வைக்கும் என்பார்கள். இதற்குச் சான்று இல்லாமலில்லை. கலிஃபோர்னியாவின் புகைப் பரிசோதனை மையங்களை ஆராய்ந்த தாமஸ் ஹப்பர்ட், முந்தைய முறை தங்கள் வண்டிக்குத் தேர்ச்சி கொடுத்த மையத்துக்கே திரும்பி வர மக்களுக்கு 30 விழுக்காடு கூடுதல் வாய்ப்பு இருந்ததாக 2002-இல் எழுதினார். வாடிக்கையாளர் தண்டிக்கவும் செய்கிறார், பரிசும் கொடுக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவர் பரிசு கொடுத்தது எதற்கு? பரிசோதனை சரியாக நடந்ததற்கா, தேர்ச்சி கிடைத்ததற்கா? தனக்குப் பிடித்த விடையைச் சொன்னவரிடம்தான் அவர் திரும்பிப் போகிறார். வாய்மொழி நல்ல மெக்கானிக்கை அடையாளம் காட்டுவதைவிட, முகம் கோணாமல் பேசுபவரையும் கூலியைக் குறைப்பவரையும்தான் எளிதாக அடையாளம் காட்டும்.

ஹென்றி ஷ்னைடர் 2012-இல் வெளியிட்ட கள ஆய்வு இதைவிடச் சங்கடமானது. சில பழுதுகளை முன்கூட்டியே வைத்த ஒரு காரை அவர் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோனார். சில இடங்களில் ஊரைவிட்டுப் போகிறவராகவும், சில இடங்களில் தொடர்ந்து வரப்போகும் உள்ளூர்க்காரராகவும் தன்னைக் காட்டிக்கொண்டார். தொடர்ந்து வருவார் என்று தெரிந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அவருக்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. 27 விழுக்காடு தடவைகளில் தேவையில்லாத வேலை பரிந்துரைக்கப்பட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டிய எண் மற்றொன்று: 77 விழுக்காடு தடவைகளில் உண்மையாக இருந்த பழுது கண்டுபிடிக்கப்படாமலே போனது. ஏமாற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம் இந்த இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். பட்டறையின் பெரிய குறை திருட்டு அல்ல, சரியாகப் பார்க்காமல் விடுவது. பார்ப்பதற்குத் தனியாகக் காசு கிடைக்காத இடத்தில், பார்க்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது பேராசை இல்லாதவரும் செய்யக்கூடியதே. பிளக்கைக் கழற்றி அதன் முனை கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. இன்ஜினின் உடல்நிலையில் பாதியை அது சொல்லிவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்கு இன்று விலை பூஜ்யம்.

இரண்டாவது மறுப்பு கடைத்தெருவிலிருந்து வருகிறது. கூலியை உயர்த்தி எழுதினால் வண்டி அடுத்த கடைக்குப் போய்விடும், ஆய்வுக் கட்டுரையா வந்து வாடகை கட்டும்? நியாயமான கேள்வி. உயர்ந்த கூலி வெறும் வருமானம் அல்ல, ஒருவிதப் பிணை என்று இதற்குப் பதில் சொல்லலாம். பெஞ்சமின் கிளைனும் கீத் லெஃப்ளரும் 1981-இல் காட்டியபடி, செலவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் விலை, அதைத் தொடர்ந்து பெற விரும்புபவரைத் தரத்திலிருந்து இறங்கவிடாது. ஒரு வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு சர்வீஸிலும் நல்ல கூலி வாங்கும் மெக்கானிக், ஒரு டூப்ளிகேட் கிளட்ச் கேபிளுக்காக அவரை இழக்கத் துணிய மாட்டார். கூலியே இல்லாமல் வேலை செய்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பதில் நீண்ட காலத்துக்கானது. முதல் ஆறு மாத வாடகையை அது கட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் போர்ட்டரின் மூன்றாவது வழியான குறிப்பிட்ட பிரிவு கைகொடுக்கிறது. எல்லா வண்டிக்காரரும் ஒரே மாதிரி பேரம் பேசுவதில்லை. ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் யாருக்கு அதிகமோ, அவர்கள்தான் வெளிப்படையான கூலிக்கு மனமுவந்து கொடுப்பவர்கள்.

அப்படிப்பட்டவர்கள் யார்? அமெரிக்காவில் மேகன் பஸ்ஸே, அய்லெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் ஸெட்டல்மயர் மூவரும் செய்த தொலைபேசிச் சோதனை ஒன்று இதற்குத் துப்பு தருகிறது. ஒரே காரின் ரேடியேட்டர் மாற்ற விலை கேட்டு ஆண்களும் பெண்களும் பட்டறைகளை அழைத்தார்கள். விலை பற்றித் தெரியாது என்று சொன்னபோது பெண்களுக்குக் கூடுதல் விலை சொல்லப்பட்டது. சந்தை விலையை முன்கூட்டியே குறிப்பிட்டுக் கேட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கொடுத்தது. அந்த வண்டிகளெல்லாம் வாரன்டி கடந்து வெகு நாளாகிறது. மெக்கானிக் ஷாப்பின் வாசலில் நின்று, தெரியாத சாமான் பெயர்களைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியிருப்பதே அந்த வாடிக்கையாளருக்குப் பெரிய கூச்சம். பத்து வழக்கமான வேலைகளுக்குக் கூலி எழுதிய ஒரு போர்டு, மாற்றிய பழைய சாமானைப் பையில் போட்டுக் கையில் கொடுக்கும் வழக்கம், ஸ்பேர்ஸ் கடையின் அசல் பில் ஆகிய மூன்றும் அவருக்கு ஐம்பது ரூபாய்த் தள்ளுபடியைவிடப் பெரியவை. உணவு டெலிவரி ஓட்டும் இளைஞர்களின் தேவை வேறு. அவர்களுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வருமான இழப்பு, ஆகவே எத்தனை மணிக்கு வண்டி தயார் என்ற வாக்குறுதிக்கு அவர்கள் கொடுப்பார்கள். இரு பிரிவுமே கூலிக்குத்தான் பணம் கொடுக்கிறது, சாமானுக்கு அல்ல.

போர்டு வைத்தால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்து இருபது ரூபாய் குறைத்துவிட மாட்டாரா? குறைப்பார். ஆனால் அவர் குறைத்ததை எங்கே எடுக்கிறார் என்பதை, பழைய சாமானையும் அசல் பில்லையும் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர் இப்போது கேட்கத் தொடங்கியிருப்பார். மேலும் இந்தத் தொழிலில் தூரமே ஒரு பாதுகாப்பு. ஸ்டார்ட் ஆகாத வண்டியை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போக முடியும்? சில நூறு மீட்டர்கள்தான் ஒரு பட்டறையின் உண்மையான எல்லை, அதற்குள் இருக்கும் வீடுகள்தான் அதன் சந்தை. நெடுஞ்சாலையோரத்தில் பஞ்சர் பார்ப்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்தவர் திரும்பி வரப்போவதில்லை என்றால், வெளிப்படைத்தன்மைக்கு அங்கே லாபம் மிகக் குறைவு. பேருந்து நிலைய வாசலிலும் அப்படித்தான்.

விலைப் பட்டியல் என்ற கருத்தையே முதலீட்டாளர்களின் பணத்தோடு நாடு முழுவதும் கொண்டுபோனவர்கள் உண்டு. 2016-இல் தொடங்கிய கோமெக்கானிக், கார்களுக்கான தனிப் பட்டறைகளைத் தன் பெயரின்கீழ் சேர்த்து, செயலியில் முன்கூட்டியே விலை காட்டியது. 2023 ஜனவரியில் கணக்கறிக்கைகளில் பிழைகள் இருந்ததாக அதன் நிறுவனர்களே ஒப்புக்கொண்டார்கள், ஊழியர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் நீக்கப்பட்டார்கள். இதை வைத்து முன்விலை என்ற யோசனையே தோற்றதாகச் சொல்வது தவறு. அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ச்சியைக் காட்ட வேண்டியிருந்த நெருக்கடியின் கதை அது. ஆனால் சிறிய பட்டறைக்கு அதில் ஒரு தகவல் இருக்கிறது. செயலியில் விலை சொல்பவர் ஒருவர், வண்டியைத் தொடுபவர் வேறொருவர். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் வண்டியைக் கழற்றிய ஆளை வாடிக்கையாளர் பார்ப்பதே அபூர்வம். தெருப் பட்டறையில் மட்டும்தான் கேட்டவர், பார்த்தவர், கழற்றியவர், பதில் சொல்பவர் எல்லாம் ஒரே ஆள். வண்டி எண்ணைப் போட்டு, என்ன தேதியில் என்ன மாற்றினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தால், அந்த நெருக்கம் அடுத்த கடைக்காரரால் காப்பியடிக்க முடியாத சொத்தாகிவிடும். செலவு ஒரு நோட்டும் பேனாவும். ஆனாலும் பல பட்டறைகளில் அந்த நோட்டு கிடையாது, ஏனென்றால் சாமானில் சம்பாதிப்பவருக்குப் பழைய கதை தேவைப்படுவதில்லை. போன மார்ச்சில்தான் செயின் கிட் மாற்றினோம் என்ற நினைவு அவருக்கு நஷ்டம்.

இன்னொரு மறுப்பு, தொழில்நுட்பம் இந்தப் பட்டறைகளையே துடைத்தெறியப் போகும்போது விலைக் கட்டமைப்பைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது என்பது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு சிபிஎஸ் பிரேக் கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 வந்தது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டரும் சென்சார்களும் உட்கார்ந்தன. காதால் கேட்டு டியூன் செய்த தலைமுறையின் கைத்தொழில் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லாக்காசாகிறது, இதில் ஐயமில்லை. ஆனால் இதே மாற்றம் என் வாதத்துக்கு எதிர்பாராத ஆதரவையும் கொண்டுவருகிறது. மெக்கானிக் காதை வைத்துக் கண்டுபிடித்தபோது காசு கொடுக்க மனம் வராத வண்டிக்காரர், ஸ்கேனரைச் சொருகித் திரையில் ஒரு பிழை எண் வந்தவுடன் ஸ்கேனிங் சார்ஜைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார். இயந்திரம் பார்த்தால் அது வேலை, மனிதன் பார்த்தால் அது சும்மா! இருந்தாலும் பார்ப்பதற்கென்று தனி விலை வைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆக்சிஜன் சென்சார் பிழை என்று திரை காட்டினால் சென்சார்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றில்லை. ஒயர் அறுந்திருக்கலாம், சைலன்சர் கேஸ்கெட்டில் காற்று கசியலாம். எண்ணைப் படித்தவுடன் சாமானை மாற்றுபவருக்கும், எண்ணிலிருந்து ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பவருக்கும் இடையிலான தூரம் பழைய கார்புரேட்டர் கணக்கிலிருந்த அதே தூரம்தான்.

ஸ்கேனரும் தகவலும் பட்டறைக்குக் கிடைப்பது தயாரிப்பாளரின் கையில் இருக்கிறது என்பது உண்மைதான். கார்களைப் பொறுத்தவரை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 தயாரிப்பாளர்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது, வாகனங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. மின்சார ஸ்கூட்டர்களில் இந்தப் பூட்டு இன்னும் இறுக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக் பற்றி ஓராண்டில் 10,000-க்கும் மேற்பட்ட புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்ததையடுத்து 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. யார் சொன்னது சரியோ, பழுதுபார்ப்பை முழுக்கத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது தயாரிப்பாளருக்கும் எளிதல்ல என்பது தெரிகிறது. மின்சார வண்டியில் இன்ஜின் ஆயில் இல்லை, பிளக் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை. சாமான் லாபத்தையே நம்பியிருப்பவருக்கு அங்கே விற்க அதிகம் இருக்காது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒயரிங்கும் பேரிங்கும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் கூலி வேலைகள்.

கூலியை மறைப்பதால் கெடும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் வேலை கற்க வரும் பையன்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று எல்லா முதலாளிகளும் அங்கலாய்க்கிறார்கள். இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கையில் கிரீஸ் படக் கூடாது என்ற விளக்கம் பாதிக்கு மேல் சோம்பேறித்தனமானது. சாமான் கழிவில் வரும் லாபம் முதலாளியின் கணக்கு. அதில் பையனுக்குப் பங்கு கேட்க அடிப்படையே இல்லை. அவன் முழுச் சக்கரத்தையும் தனியாகக் கழற்றி மாட்டினாலும் பில்லில் அவன் உழைப்பு 50 ரூபாய்க் கூலியாகவே தெரியும், அதையும் வாடிக்கையாளர் குறைத்துவிடுவார். அதே பையன் டெலிவரி வண்டி ஓட்டப் போனால் ஒவ்வொரு நடைக்கும் தனக்கென்று ஒரு தொகையைப் பார்க்கிறான். கூலி வெளியே இருந்தால் அதில் அவனுக்கு இவ்வளவு என்று சொல்ல முடியும். பழகிய இரண்டாவது கை இல்லாமல் எந்தப் பட்டறையும் நேரத்துக்கு வண்டி தரும் வாக்குறுதியைக் காப்பாற்ற முடியாது.

மாற்றத்தைத் தொடங்க நினைக்கும் கடைக்காரர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. செக்கிங் சார்ஜ் 100 ரூபாய், வேலையை எங்களிடமே செய்தால் அதைக் கழித்துக்கொள்வோம் என்று எழுதி வைப்பார்கள். தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் வேலை என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டவுடன் பார்த்ததற்கான விலை மறுபடியும் பூஜ்யமாகிவிடுகிறது. பார்த்த நேரத்தின் காசைக் கண்டுபிடித்த வேலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். வண்டியில் ஒன்றுமில்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருந்தது, தட்டிப் போட்டுவிட்டேன் என்று சொல்லவும் அதே 100 ரூபாய், இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லவும் அதே 100 ரூபாய் என்று இருந்தால்தான் பதில் எந்தப் பக்கமும் சாயாது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு 100 ரூபாய்க்குக் கை நீட்ட எந்த மெக்கானிக்குக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், வண்டிக்காரரும் முகம் சுளிப்பார். அந்தக் கூச்சத்தில் வேண்டாம் சார், போங்க என்று விட்டுவிட்டால், அடுத்து வரும் வண்டியில் ஃபில்டரோடு பிளக்கும் சேர்ந்து மாறும்.